கார்டு வாங்குமுன் கணக்குப் போடு!

(இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதையா, கட்டுரையா?" என்றேன். "கவிதை ஏற்கனவே நாற்பது வந்தாச்சு. தயவுசெஞ்சு வேற ஏதாவது எழுதுப்பா" என்றார். நாற்பதில் முப்பது நட்பைப் பற்றியதாம்! ஆகவே நட்பை அவர்களிடமே விட்டுவிட்டு, நம்மில் பலர் இரவு முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்துக் கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். வீடியோ கன்வெர்ட் ஆகும்போது 12 சதவீதம், 13 சதவீதம் என்று திரையில் ஊர்ந்து போகுமே ஒரு கோடு, அதைப் பற்றித்தான்.

"வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோவை வேகமாக மாற்றுவது எப்படி?" என்று கேட்டால் நம் பசங்க ஒரே குரலில் சொல்லும் பதில், "கிராபிக்ஸ் கார்டு போடு மச்சி!" இந்தப் பதில் பெரும்பாலும் அவசரப் பதில் என்பது என் கருத்து. எந்த இடத்தில் நேரம் போகிறது என்று அளந்து பார்க்காமல் பணத்தைக் கொட்டுவது, நோய் தெரியாமல் மாத்திரை வாங்குவதற்குச் சமம். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்து கொண்டு சொல்கிறேன்.

அந்த ஓர் இரவு

சென்ற ஆண்டு நம் துறைக் கலைவிழாவை நண்பன் ஒருவன் கேமராவில் பிடித்தான். ஒன்றரை மணி நேரம். சுமார் 11 ஜிபி. மறுநாள் மதியம் செமினார் ஹால் டி.வி.யில் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. ஆனால் கேமரா தந்தது எம்டிஎஸ் கோப்பு. அந்த டி.வி.க்கோ எம்பி4 கொடுத்தால்தான் இறங்கும். "நான் பாத்துக்கறேன்" என்று வீராப்பாகச் சொல்லிப் பென் டிரைவை வாங்கி வந்தேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசாக வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, இரண்டே கோர். கன்வெர்ட்டரைத் திறந்தேன். எது எது நல்லது என்று தோன்றியதோ எல்லாவற்றிலும் டிக் போட்டேன். 'உயர்ந்த தரம்', 'இரைச்சல் நீக்கு', வேகத்தில் 'ஸ்லோ'. இரவு பத்தரைக்கு ஆரம்பித்தது. நொடிக்கு 6 பிரேம் என்று காட்டியது. விடிகாலை ஐந்து மணிக்குள் முடிந்துவிடும் என்று பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தேன்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கரண்ட் போச்சு! அப்போது 91 சதவீதம். எங்கள் வீட்டில் யூபிஎஸ் கிடையாது. கரண்ட் வந்ததும் பார்த்தால் கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். அட்டவணை எழுதுமுன் நின்று போனால் உள்ளே இருக்கும் 91 சதவீதமும் இருந்தும் இல்லாதது போலத்தான்.

அப்பா லோடு ஆட்டோவுக்குக் கிளம்பும் நேரம் அது. என் முகத்தைப் பார்த்து, "என்னடா தம்பி ஆச்சு?" என்றார். சொன்னேன். "புதுசா ஏதாச்சும் மாட்டணுமா?" என்று கேட்டார். நானும் யோசிக்காமல், "கிராபிக்ஸ் கார்டு மாட்டினா பறக்கும்பா. ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும்னு கடையில சொன்னாங்க" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "தோட்டை வெச்சா குடுப்பான். தீபாவளிக்குள்ள மீட்டுக்கலாம். படிக்கிற புள்ளைக்கு வேணும்னா வாங்கிக் குடுங்க" என்றார். படிக்கிற பிள்ளை! எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேண்டாம் என்று வாய் வரவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பெட்டி வேறு, பொருள் வேறு

காலையில் கல்லூரிக்கு வந்து எங்கள் லேப் அண்ணனிடம் புலம்பினேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். "கோப்புக்குள்ள என்ன இருக்கு? டி.வி.க்கு என்ன வேணும்? ரெண்டுக்கும் நடுவுல எது மாறணும்?" முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருஷம் கம்யூனிகேஷன் படித்தவன்!

நண்பர்களே, எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்டிஎஸ் எல்லாம் பெட்டியின் பெயர். உள்ளே இருக்கும் படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பது தனி விஷயம். டிவிடியில் இருப்பது எம்பெக்-2. இன்று எங்கும் காணப்படும் எச்.264 தரமாக வந்தது 2003-ல். அதைவிட இறுக்கமாகச் சுருக்கும் எச்.265 வந்தது 2013-ல். ஒரே எச்.264 படம் எம்டிஎஸ் பெட்டியிலும் இருக்கலாம், எம்பி4 பெட்டியிலும் இருக்கலாம்.

எங்கள் கலைவிழாக் கோப்பைச் சோதித்தால், உள்ளே இருந்தது எச்.264. டி.வி. கேட்டதும் எச்.264. அதாவது படம் மாற வேண்டிய அவசியமே இல்லை! ஒலி மட்டும் ஏசி-3 என்ற முறையில் இருந்தது, அதை ஏஏசி ஆக்க வேண்டும். அவ்வளவுதான். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் ஒன்று உண்டு. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ல் தொடங்கியது. அதில் படத்துக்கு 'காப்பி' என்று கட்டளை கொடுத்தால், படத்தைத் தொடாமல் அப்படியே எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்துவிடும். ஆறு மணி நேரம் ஓடியும் முடியாத வேலை ஆறே நிமிடத்தில் முடிந்தது. தரத்தில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மதியம் ஹாலில் படம் ஓடியது, கைதட்டல் கிடைத்தது. எனக்கோ வெட்கம்தான் வந்தது.

டிபன் பாக்ஸ் மாற்ற வேண்டும் என்பதற்காகச் சோற்றை யாராவது மறுபடி உலையில் போடுவார்களா? நான் போட்டேன்!

எண்களைப் பாருங்கள்

"சரி, அது உனக்கு அதிர்ஷ்டம். எனக்கு நிஜமாகவே மாற்ற வேண்டியிருக்கே?" என்று கேட்பீர்கள். நியாயம். எனக்கும் அந்த நிலை வந்தது. 11 ஜிபி கோப்பை யார் போனில் வைத்துக் கொள்வது? நண்பர்களுக்குக் கொடுக்கச் சின்னக் கோப்பு தேவைப்பட்டது. இப்போது மறு சுருக்கம் செய்தே ஆக வேண்டும்.

இந்த வேலை ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது? 1920-க்கு 1080 என்றால் ஒரு பிரேமில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 25 பிரேம். ஒன்றரை மணிக்கு 1,35,000 பிரேம். ஒவ்வொரு பிரேமையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, "இந்தக் கட்டம் முந்தின பிரேமில் எங்கே இருந்தது? எவ்வளவு நகர்ந்திருக்கு?" என்று மென்பொருள் தேடுகிறது. நகர்வை மட்டும் குறித்துக் கொண்டால் போதும் என்பதால்தான் கோப்பு சின்னதாகிறது. 'ஸ்லோ' என்றால் அதிக இடங்களில் தேடும். 'ஃபாஸ்ட்' என்றால் மேலோட்டமாகத் தேடி விட்டுவிடும். நேரம் போவது பெரும்பாலும் இந்தத் தேடலில்தான்.

இந்தத் தடவை நான் முழுக் கோப்பையும் ஓடவிடவில்லை. ஒரு நிமிடத் துண்டு மட்டும் வெட்டி எடுத்து, கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். என் கம்ப்யூட்டரில் கிடைத்த அளவுகள் இவை:

முதல் நாள் வைத்த அதே அமைப்பு: 250 விநாடி.
'இரைச்சல் நீக்கு' டிக்கை எடுத்த பின்: 100 விநாடி.
'ஸ்லோ'வை 'ஃபாஸ்ட்' ஆக்கிய பின்: 55 விநாடி.
போனுக்கு 720 போதும் என்று அளவைக் குறைத்த பின்: 30 விநாடி.

30-ஐ 90-ஆல் பெருக்கினால் 45 நிமிடம். ஆறேகால் மணி நேர வேலை முக்கால் மணி நேரத்துக்கு வந்துவிட்டது. இதுவரை ஒரு பைசா செலவில்லை என்பதைக் கவனியுங்கள்!

எங்கே மாட்டியிருக்கு?

எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. தொடர்ச்சுற்றில் 1000 ஓம் ஒன்று, 10 ஓம் ஒன்று. மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். பத்து ஓமை எடுத்துவிட்டு ஐந்து ஓம் போடுவீர்களா? மாட்டீர்கள். மெக்கானிக்கல் நண்பர்களே, ஷாப்பில் நாலு மெஷின் சும்மா நிற்கிறது, கிரைண்டிங்கில் மட்டும் ஜாப் குவிந்து கிடக்கிறது. ஐந்தாவது லேத் வாங்கினால் உற்பத்தி கூடுமா? கூடாது. வகுப்பில் இதற்கெல்லாம் டக்கென்று பதில் சொல்லும் நாம், வீட்டுக் கம்ப்யூட்டரிடம் போனதும் மறந்துவிடுகிறோம்.

ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967-ல் இதையே ஒரு விதியாகச் சொன்னார். ஒரு வேலையில் எந்தப் பகுதியை வேகப்படுத்தவில்லையோ, அந்தப் பகுதிதான் மொத்த வேகத்துக்கு எல்லை. என் கணக்கில் பாருங்கள். 250 விநாடியில் 150 விநாடி இரைச்சல் நீக்கத்துக்கே போனது. அந்த வேலையை என் மென்பொருள் பிராசசரில்தான் செய்கிறது. எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு போட்டுச் சுருக்கும் வேலையைப் பூஜ்யம் ஆக்கினாலும் 150-க்குக் கீழே இறங்காது. ஒரு டிக்கை எடுத்ததில் கிடைத்த லாபம் அந்தக் கார்டில் கிடைத்திருக்காது!

எஸ்எஸ்டி போடு என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் கணக்கு உண்டு. அந்த வீடியோ நொடிக்குச் சுமார் 2 எம்பி. நான் ஓடவிட்டதோ நிஜ வேகத்தில் நாலில் ஒரு பங்கு. ஆக டிஸ்க்கிலிருந்து நொடிக்கு அரை எம்பி படித்தால் போதும். சாதாரண ஹார்டு டிஸ்க்கே 100 எம்பி தரும்போது எஸ்எஸ்டி என்ன செய்யும்? ஆனால் 'காப்பி' முறையில் பெட்டி மாற்றும்போது டிஸ்க்தான் தடை, அங்கே எஸ்எஸ்டி உதவும். ஒரே பொருள், ஒரு வேலையில் மருந்து, இன்னொரு வேலையில் தண்டம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசசர் 100 சதவீதத்தில் நிற்கிறதா, டிஸ்க் நிற்கிறதா என்று அதுவே சொல்லும். இன்னொன்று, தூசு! சூடு எல்லை மீறினால் பிராசசர் தன்னைக் காத்துக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து, காற்றுப் போகும் வழியை அடைத்துவிட்டு, "ஸ்லோவா இருக்கு" என்று குறை சொல்லக் கூடாது.

கார்டு வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. வன்பொருள் என்கோடர் என்பது நிஜமான உதவி. அதுவும் கார்டில் மட்டும்தான் உண்டு என்று நினைக்காதீர்கள். இன்டெல் 2011-லிருந்தே தன் பல பிராசசர்களுக்குள் 'குவிக் சிங்க்' என்ற தனிச் சுற்றை வைத்திருக்கிறது. என் பழைய ஐ3-லும் இருந்தது. அதை இயக்கியதும் அந்த 30 விநாடி 17 விநாடி ஆனது. மொத்தம் சுமார் 26 நிமிடம்! வீட்டுக்குள்ளேயே இருந்த வேலைக்காரனைக் கூப்பிடாமல், வெளியே ஆள் தேடி அம்மாவின் தோட்டைக் கழற்றப் பார்த்தேன்.

என்விடியா கார்டுகளில் 'என்விஎன்க்' என்ற என்கோடர் 2012 முதல் உண்டு. ஆனால் எல்லாக் கார்டிலும் கிடையாது. ஜிடி 1030 கார்டில் அது இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோ என்கோடர் இல்லை. 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் குவிக் சிங்க்கும் இல்லை. விளையாட்டுக்குக் கார்டு தேடுகிறவர்களுக்கு இது பொருட்டில்லை. வீடியோ மாற்றத்துக்கு வாங்குகிறவர்களுக்குத் தலையெழுத்தே இதுதான். கடையில் எனக்குச் சொன்ன கார்டின் விவரத்தைப் பின்னர் சாவகாசமாகப் படித்தேன். அதிலும் என்கோடர் இல்லை! வாங்கியிருந்தால் என் வேலை ஒரு விநாடிகூடக் குறைந்திருக்காது. தோடு மட்டும் அடகுக் கடையில் இருந்திருக்கும்.

தினமும் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. பகலில் வகுப்பு, இரவில் ஸ்டூடியோ. அவர்களுக்கு மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கூலி. அவர்கள் கணக்குப் போட்டு, விவரம் பார்த்து நல்ல கார்டு வாங்கினால் அது முதலீடு. வருஷத்துக்கு நாலு வீடியோ மாற்றும் நான் வாங்கினால் அது ஆசை.

வேகத்துக்கும் விலை உண்டு

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'ஃபாஸ்ட்' வைத்தால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும், அல்லது அதே அளவில் தரம் குறையும். வன்பொருள் என்கோடருக்கும் பெரும்பாலும் இதே குணம் உண்டு. போனில் ஒரு தடவை பார்த்துச் சிரிக்கும் வீடியோவுக்கு இது பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்று நினைத்தால் ஆபத்து.

எங்கள் அத்தை கல்யாணம் 1996-ல். கேசட்டில் எடுத்தது. அதில் இருபது விநாடி தாத்தா வருவார், பந்தியில் நின்று யாரையோ "சாப்பிட்டுப் போப்பா" என்று கூப்பிடுவார். அவர் பேசி எங்களிடம் இருக்கும் ஒரே படம் அது. உறவினர் ஒருவர் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். இடம் மிச்சம், நேரம் மிச்சம் என்று மிகச் சின்னக் கோப்பாக்கிவிட்டுக் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். இன்று அந்தக் கோப்பில் தாத்தாவின் முகம் இருக்கும் இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ அசைகிறது. குரல் மட்டும் கேட்கிறது. எத்தனை லட்சம் கொடுத்து எந்தக் கார்டு வாங்கினாலும் அந்த முகம் இனி வராது. ஒவ்வொரு மறு சுருக்கத்திலும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது.

ஆகவே வீட்டில் பழைய கேசட் இருந்தால் அவசரப்படாதீர்கள். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், அதில் குறுக்கு வழி கிடையாது. முதல் பிரதியை நல்ல தரத்தில் வையுங்கள். மூலத்தை அழிக்காதீர்கள். நகலில் மட்டும் உங்கள் வேகத்தைக் காட்டுங்கள்.

முடிவாக...

என் அனுபவத்தில் கண்டது இவ்வளவுதான். முதலில் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெட்டி மட்டும் மாற வேண்டுமானால் 'காப்பி' போதும். மாற்றியே ஆக வேண்டுமானால் ஒரு நிமிடத் துண்டில் சோதித்து, ஒரு தடவைக்கு ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, குறித்து வையுங்கள். லேபில் ரீடிங் எடுப்பது போலத்தான், ஆனால் இங்கே பக்கத்து பெஞ்சைப் பார்த்து ரீடிங் எழுத முடியாது! கரண்ட் போகும் ஊரானால் முதலில் எம்கேவி பெட்டியில் எழுதுங்கள். பாதியில் நின்றாலும் எழுதிய வரைக்கும் பெரும்பாலும் ஓடும். பிறகு எம்பி4-க்குப் பெட்டி மாற்றிக் கொள்ளலாம். இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால், கையில் உள்ள கணக்கோடு கடைக்குப் போங்கள். அப்போது கடைக்காரர் சொல்வதை நீங்கள் கேட்பதோடு, நீங்கள் கேட்பதற்கு அவரும் பதில் சொல்வார்.

நம்மில் பலருடைய வீட்டில் பணம் சும்மா வருவதில்லை. "படிக்கிற புள்ள கேக்குது" என்ற ஒரே வார்த்தையில் பெற்றவர்கள் எதையும் கழற்றிக் கொடுத்து விடுவார்கள். எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அவர்கள் கேட்காத கேள்வியை நாம்தான் நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும். டிப்ளமோ படித்ததற்கு அதுவாவது அடையாளமாக இருக்கட்டுமே!

அன்று மாலை வீட்டுக்குப் போய், "கார்டு வேணாம்மா, இருக்கறதுலயே முடிஞ்சுபோச்சு" என்றேன். அம்மா, "அப்ப காலையில ஏன்டா அப்படிச் சொன்னே?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

அளப்போம்! அறிவோம்! பிறகு செலவழிப்போம்!